கீழே என்றால் எந்தப் பக்கம்?



2023 ஆகஸ்ட் 23 அன்று நமது கூட்டமைப்பு அலுவலகத்தில் மாதக் கூட்டம் நடந்தது. கடன் விண்ணப்பங்களைப் பார்த்து முடிப்பதற்குள் மாலை ஐந்தரை மணி ஆகிவிட்டது. சந்திரயான் 3 நிலாவில் இறங்கும் நேரம் என்பதால், பஸ்ஸுக்குக் கிளம்பியவர்களும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். 6 மணி 4 நிமிடத்துக்கு விக்ரம் என்ற கலம் நிலாவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. எல்லோரும் கை தட்டினோம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர் என்றதும் இன்னொரு முறை தட்டினோம். அவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்த கல்பனா என்ற பெண் விஞ்ஞானி மைக்கைப் பிடித்துப் பேசியபோதுதான் கைதட்டல் அதிகம்.

அப்போது மேட்டுத் தெரு குழுவைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் பாட்டி, ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, நிலா மேலதான இருக்கு? மேல போனா ஏறிடுச்சுன்னுதான சொல்லணும். எறங்கிடுச்சு எறங்கிடுச்சுன்னு சொல்றாங்களே, அங்க கீழேன்னா எந்தப் பக்கம்?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, பதில் சொல்ல ஒருவருக்கும் வரவில்லை. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். நாங்கள் படித்தது சமூகப் பணி. ஈர்ப்பு விசை, நியூட்டன், ஆப்பிள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு சரி. பாட்டியின் கேள்விக்காக மறுபடி பாடப் புத்தகத்தைத் திறந்தோம். அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவரிடம் இரண்டு மாலை உட்கார்ந்து கேட்டுக்கொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம். இது பிள்ளைகள் பாடம், நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைசியில் இது மேட்டுத் தெருவின் குடிதண்ணீர்ப் பிரச்சினை வரைக்கும் வந்து நின்றது.

முதலில் பாட்டியின் கேள்வி. கொத்தனார் வேலைப் பயிற்சி எடுத்த சகோதரிகள் தூக்குக்குண்டு பிடித்திருப்பீர்கள். நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டால் நேராகக் கீழே காட்டும். அது எதைக் காட்டுகிறது? பூமி உருண்டையின் நடு மையத்தை. நம் ஊரில் பிடித்தாலும் அமெரிக்காவில் பிடித்தாலும் நூல் அந்த மையத்தைப் பார்த்துத்தான் நிற்கும். அமெரிக்கா நமக்கு ஏறக்குறைய அடிப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் தலைகீழாகத் தொங்கவில்லை. அவர்களுக்கும் கால் பூமிப் பக்கம், தலை வானத்துப் பக்கம். "கீழே" என்று தனியாக ஒரு திசை இல்லை. எந்தப் பெரிய உருண்டை நம்மை இழுக்கிறதோ, அதன் மையம் இருக்கும் பக்கம்தான் கீழே. நிலாவுக்குப் பக்கத்தில் போய்விட்டால் நிலாவின் இழுப்புத்தான் அங்கே பெரிது. அதனால் அங்கே நிலாதான் கீழே. அந்த நேரத்தில் நம் பூமி, வானத்தில் மேலே தெரியும்.

இதைச் சொன்னபோது பாட்டி, "அப்ப நாமதான் அவங்களுக்கு நிலாவா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

இந்த இழுப்புக்குப் பெயர்தான் ஈர்ப்பு விசை. பூமி இழுப்பதைப் புவியீர்ப்பு என்கிறோம். பலரும் இதைக் காந்தம் என்று நினைக்கிறார்கள். காந்தம் இல்லை. காந்தம் இரும்பு மாதிரி சில பொருள்களைத்தான் இழுக்கும். ஈர்ப்பு பஞ்சு, பால், பாறை, புகை, காற்று என்று எதையும் விடாது. நம்மைச் சுற்றியுள்ள காற்று பறந்து போய்விடாமல் இருப்பதே பூமி அதைப் பிடித்து வைத்திருப்பதால்தான்.

இன்னொன்றும் உண்டு. பூமி மட்டும் இழுக்கவில்லை. பொருள் என்று எது இருந்தாலும் அது மற்றதை இழுக்கிறது. குடம் நம்மை இழுக்கிறது, நாமும் குடத்தை இழுக்கிறோம். அப்படியானால் ஏன் ஒட்டிக்கொள்வதில்லை? இழுப்பு அவ்வளவு சின்னது. 1798இல் இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் என்ற விஞ்ஞானி பெரிய ஈயக் குண்டுகளைச் சின்னக் குண்டுகளுக்கு அருகே வைத்து, அவை இழுப்பதை அளந்தே காட்டினார். ஒவ்வொரு பெரிய குண்டும் 150 கிலோவுக்கு மேல். அப்படியும் அந்த இழுப்பு மிக மிகச் சின்னது. ஆக, நாம் உணரும் அளவுக்கு இழுக்க வேண்டுமென்றால் பூமி அளவுக்குப் பெரிய பொருள் வேண்டும்.

அடுத்து, குழுவில் எல்லோரும் செய்து பார்க்க வேண்டிய ஒன்று. ஒரு கல்லையும் ஒரு காகிதத்தையும் ஒரே நேரத்தில் போடுங்கள். கல் முதலில் விழும். "கனமானது வேகமா விழும்" என்போம். இப்போது தீர்மான நோட்டை எடுத்து, அதைவிடச் சின்னதாகக் கிழித்த காகிதத் துண்டை அட்டைமேல் வைத்து, நோட்டைத் தட்டையாகப் பிடித்துக் கீழே விடுங்கள். காகிதம் பின்தங்காது, நோட்டோடு சேர்ந்தே தரைக்கு வரும். காகிதத்தைத் தாமதப்படுத்தியது அதன் எடைக் குறைவு இல்லை, காற்று. நோட்டு காற்றை விலக்கி வழி கொடுத்ததும் காகிதமும் அதே வேகத்தில் விழுகிறது. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் நிலாவுக்குப் போன டேவிட் ஸ்காட், சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் சேர்த்துப் போட்டார். நிலாவில் காற்று இல்லை. இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

விழும் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை, போகப் போகக் கூடுகிறது. முதல் விநாடியில் சுமார் 16 அடி விழும் பொருள், இரண்டு விநாடி முடியும்போது 64 அடி விழுந்திருக்கும், மூன்று விநாடியில் 144 அடி. கிணற்றில் கல்லைப் போட்டுத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை கடிகாரத்தைப் பார்த்தால், தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். தென்னந்தோப்பு வேலைக்குப் போகும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். 60 அடி மரத்திலிருந்து விழும் தேங்காய் இரண்டு விநாடிக்குள் கீழே வந்துவிடும். வரும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர், பஸ் போகும் வேகம். "சத்தம் கேட்டா வெலகிக்கலாம்" என்பது நடக்காத காரியம். காய் வெட்டும்போது மரத்தடியில் பொறுக்கப் போக வேண்டாம் என்று பயத்தில் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

சரி, பூமி எல்லாவற்றையும் இழுக்கிறது என்றால் நிலா ஏன் நம் தலையில் விழவில்லை? இது எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தன் அம்மாவிடம் கேட்ட கேள்வி. அம்மா எங்களிடம் கேட்டார். சோளக்காட்டில் பரண்மேல் நின்று கவண் சுற்றியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கவணைச் சுற்றும்போது கல் வெளியே ஓடப் பார்க்கிறது. கயிறு விடாமல் உள்ளே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து கல் வட்டமாகச் சுற்றுகிறது. கயிற்றை விட்டால் கல் நேராகப் போய்விடும். நிலா அந்தக் கல், பூமியின் ஈர்ப்புத்தான் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கயிறு.

1687இல் வெளியான தன் நூலில் நியூட்டன் சொன்ன விஷயம் இதுதான்: மரத்திலிருந்து பழத்தை விழவைக்கும் அதே இழுப்புத்தான் நிலாவையும் பிடித்து வைத்திருக்கிறது. அதுவரை மண்ணுக்கு ஒரு சட்டம், விண்ணுக்கு ஒரு சட்டம் என்று நினைத்திருந்தார்கள். மலை உச்சியில் நின்று ஒரு கல்லை எறிவதாக வைத்துக்கொள்வோம். மெதுவாக எறிந்தால் பக்கத்தில் விழும், வேகமாக எறிந்தால் தூரத்தில் விழும். விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் எறிய முடிந்தால்? (காற்று தடுக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) கல் விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் உருண்டையான பூமியின் தரையும் அதே அளவுக்கு வளைந்து விலகிக்கொண்டே போகும். கல் தரையைத் தொடவே தொடாது, பூமியைச் சுற்ற ஆரம்பித்துவிடும். நிலாவும் இப்படித்தான் விழுந்துகொண்டே சுற்றுகிறது, 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால், 27 நாளைக்கு ஒரு சுற்று.

சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூனில் எட்டு நாள் பயணமாகப் போய், 2025 மார்ச்சில்தான் திரும்பினார். அங்கே அவர் மிதப்பதை டி.வி.யில் பார்த்தோம். "அங்க ஈர்ப்பே இல்ல, அதான் மெதக்குறாங்க" என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். அது தவறு. அந்த விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. இங்கே உள்ள இழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் உண்டு. நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவரும் கூடவே விழுகிறார். அதனால் கால் எதன்மேலும் ஊன்றுவதில்லை. பஸ் வேகத்தடையில் தூக்கிப் போடும்போது கடைசி சீட்டில் ஒரு கணம் வயிறு லேசாகிறதே, அந்தக் கணம் மாதக்கணக்கில் நீடித்தால் எப்படி, அப்படி. உடம்புக்குப் பாரம் தாங்கும் வேலை இல்லாததால் அவர்களுடைய எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதம் வரை தேய்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்துதான் அதைச் சமாளிக்கிறார்கள்.

எடை என்பது என்ன? பூமி நம்மை எவ்வளவு இழுக்கிறது என்பதன் அளவுதான். நிலாவின் இழுப்பு இங்குள்ளதில் ஆறில் ஒரு பங்கு. இங்கே 60 கிலோ காட்டும் எடை மெஷின் அங்கே 10 கிலோ காட்டும். உடம்பிலிருந்து சதை ஒன்றும் குறைந்துவிடாது, இழுப்புத்தான் குறைவு. ஆறில் ஒரு பங்குதானே என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. 2019 செப்டம்பரில் சந்திரயான் 2 கொண்டுபோன விக்ரம் வேகம் சரியாகக் குறையாததால் நிலாவில் மோதி உடைந்தது. காற்று இல்லாத இடம், பாராசூட் பயன்படாது. அதனால்தான் 2023இல் நாம் பார்த்தபோது அது கீழ்நோக்கி நெருப்பைக் கக்கிக்கொண்டே இறங்கியது. அந்த நெருப்பின் உந்துதல்தான் பிரேக்.

"எல்லாம் சரி, ஏன் இழுக்குது?" என்று ஒருவர் கேட்டார். நியூட்டன்கூட இதற்குப் பதில் சொல்லவில்லை. எவ்வளவு இழுக்கிறது என்பதோடு நின்றுகொண்டார். 1915இல் ஐன்ஸ்டீன் வேறு மாதிரி சொன்னார். நான்கு பேர் ஒரு சேலையை விறைப்பாகப் பிடித்து நடுவில் ஒரு கல்லை வையுங்கள், துணி குழியும். ஓரத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டால் அது கல்லை நோக்கி வளைந்து போகும். அதுபோல, பெரிய பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையே வளைத்துவிடுகிறது, மற்றவை அந்த வளைவில் போகின்றன என்றார். சேலை ஓர் உவமைதான், முழுதும் பொருந்தாது. இதற்கு மேல் எங்களுக்கும் எட்டவில்லை. மேட்டுத் தெருவுக்குப் போவோம்.

அந்தத் தெரு பாறையடிச் சரிவில் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டி கீழே ஊர் நடுவில். இரண்டு தெருவுக்கும் ஒரே குழாய். தண்ணீர் திறந்த முதல் அரை மணி நேரம் மேட்டுத் தெருவில் விரல் கனத்துக்கு வரும், பிறகு சொட்டும், பிறகு அதுவும் நின்றுவிடும். பள்ளத் தெருவிலோ வாளி நிறைந்து வழியும். தொட்டி ஆபரேட்டர் வேண்டுமென்றே செய்கிறார், காசு வாங்கிக்கொண்டு வால்வைத் திருப்புகிறார் என்று பேச்சு. வாய்த் தகராறு முற்றி, நம் உறுப்பினர் இருவர் மேல் போலீசில் புகார் கொடுக்கும் வரை போனது. சமாதானம் பேசப் போன நாங்களும் ஆபரேட்டரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தோம். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஈர்ப்புப் பாடம் முடிந்த வாரம், கொத்தனார் பயிற்சி முடித்த ஒரு சகோதரி, "மேடம், டியூப் லெவல் போட்டுப் பாத்துருவோமா?" என்றார். தண்ணீர் நிறைத்த ஓஸின் இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். இரண்டு பக்கத்தையும் பூமி ஒன்றுபோல இழுப்பதால், ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து நிற்க முடியாது. 50 அடி ஓஸ், அடி குறித்த இரண்டு கம்பு, சாக்பீஸ். தொட்டியடியில் ஆரம்பித்து, ஒருவர் கீழே, ஒருவர் மேலே என்று கம்பை நட்டு, தண்ணீர் எந்த அடியில் நிற்கிறது என்று பார்த்து, வித்தியாசத்தை நோட்டில் எழுதி, பிறகு அடுத்த 50 அடி. வெயிலில் மூன்று மணி நேரம் ஆனது. தொட்டியின் அடித்தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கயிறு விட்டு அளந்து சொன்னவர் அதே ஆபரேட்டர்தான்.

வந்த கணக்கு இது. தொட்டியின் அடித்தளம் 30 அடி உயரத்தில். மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுத் தரை, தொட்டியடித் தரையைவிட 24 அடி மேலே. அங்கே குழாய் 3 அடி உயரத்தில். அதாவது தொட்டித் தளத்துக்கும் அந்தக் குழாய்க்கும் உள்ள இறக்கம் வெறும் 3 அடி! பள்ளத் தெரு தொட்டியடியைவிட 6 அடி தாழ்வு. அங்கே இதே கணக்கு 33 அடி. குழாயில் தண்ணீரைத் தள்ளுவது மோட்டார் இல்லை. மோட்டார் தொட்டிக்கு ஏற்றுவதோடு சரி. அதன் பிறகு தள்ளுவது மேலே நிற்கும் தண்ணீரின் பாரம்தான். இறக்கம் எத்தனை அடியோ அதற்குத் தக்க அழுத்தம். தொட்டி 10 அடி நிறைந்திருக்கும்போது மேட்டுத் தெருவுக்கு 13 அடி கிடைத்தது, அதுதான் அந்த முதல் அரை மணி நேரம். மட்டம் குறையக் குறைய அழுத்தமும் போய்விட்டது. பள்ளத் தெருவில் எல்லாக் குழாயும் திறந்திருந்தால் ஓட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போய், இருக்கும் கொஞ்ச அழுத்தமும் வழியிலேயே தீர்ந்துவிடும். ஆபரேட்டர் காசு வாங்கியிருந்தாலும் வாங்காவிட்டாலும் தண்ணீர் வந்திருக்காது.

அதற்காக இது யாருடைய தப்பும் இல்லை என்று ஆகிவிடாது. பூமி மேட்டுத் தெரு, பள்ளத் தெரு என்று ஆள் பார்த்து இழுப்பதில்லை. ஒரே குழாயைப் போட்டுவிட்டு மேட்டுக்குத் தனி வால்வு வைக்காதது மனிதர்கள் செய்தது. போடும்போது மேட்டுத் தெருவில் ஒருவரையும் கேட்கவில்லை. பள்ளத் தெருவில் மூன்று வீடுகளில் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சியதும் மனிதர்கள் செய்ததுதான். அந்த 30 அடியை இத்தனை வருடம் ஏறியது பெண்களின் தலையும் இடுப்பும். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ தண்ணீர். ஒரு நாளைக்குப் பத்து நடை. பிரசவமாகி ஒரு மாதம்கூட ஆகாமல் குடம் தூக்கியதாகவும், பிறகு கர்ப்பப்பை இறக்கம் வந்ததாகவும் ஒரு சகோதரி எங்களிடம் தனியாகச் சொன்னார். பாரம் தூக்குவது அந்தத் தொல்லையை அதிகப்படுத்தும். வெட்கப்பட்டு மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், வைத்தியம் உண்டு.

அளந்த கணக்கை ஒரு தாளில் படமாக வரைந்து, 2023 அக்டோபர் 2 கிராம சபையில் மேட்டுத் தெரு குழுவினர் வைத்தார்கள். "எங்களுக்குத் தண்ணி வரல" என்று சொன்ன காலமெல்லாம் "பார்க்கலாம்மா" என்று பதில் வந்தது. இந்த முறை "3 அடி, 33 அடி" என்று சொன்னதும் ஊராட்சிச் செயலர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தீர்மானம் எழுதப்பட்டது. பள்ளத் தெரு கிளைக்கு கேட் வால்வு போட 2024 பொங்கல் தாண்டிவிட்டது. அதன் பிறகு தொட்டி நிறைந்திருக்கும் அதிகாலையில் ஒரு மணி நேரம் மேட்டுத் தெருவுக்கு மட்டும், பிறகு மற்றவர்களுக்கு என்று முறை வைத்தார்கள். உறிஞ்சும் மோட்டார்களில் இரண்டை எடுத்தாகிவிட்டது, ஒன்று எடுக்கப்படவில்லை. அது யார் வீட்டு மோட்டார் என்று ஊருக்கே தெரியும்.

கோடையில் தொட்டி பாதிதான் நிறையும். அப்போது கடைசி நான்கு வீட்டுக்கு இன்னும் சரியாக வருவதில்லை. இதற்கு முறை வைத்துப் பயனில்லை. மேட்டிலேயே ஒரு சின்னத் தொட்டி கட்டி, மோட்டாரால் அதற்கு ஏற்றினால்தான் முடியும். அதற்கான மனு கொடுத்திருக்கிறார்கள். ஆபரேட்டருக்கும் குழுவினருக்கும் இப்போது பேச்சுவார்த்தை உண்டு. புகாரும் திரும்பப் பெறப்பட்டது. முழுச் சமாதானம் என்று சொல்ல மாட்டோம்.

டியூப் லெவல் ஓஸ் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. குழாய்ப் பிரச்சினைக்கோ, வயல் வரப்பு மட்டம் பார்க்கவோ தேவைப்படும் குழு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் நிறைக்கும்போது உள்ளே குமிழி இருக்கக் கூடாது, இருந்தால் கணக்குத் தப்பாகிவிடும். திருப்பித் தரும்போது தண்ணீரை வடித்து, மடங்காமல் சுருட்டித் தரவும்.